தியாகத் தாய் என்று யார் எழுதச் சொன்னது?

உன்னைச் சாக விட்டார்கள். பிறகு, நீயே விரும்பி உயிரைக் கொடுத்ததாக உன் கல்லறையில் எழுதி வைத்தார்கள். எனக்கு இரண்டாவது அநியாயம்தான் பெரிது. முதலாவதற்குப் பயம் என்று ஒரு சாக்காவது சொல்லலாம்.

இன்று காலை காதரின் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்டப் போனேன். உள்ளேயிருந்து மருதாணி வாசனை. அவன் பெண்டாட்டி மும்தாஜ் நரைத்த தலையில் மருதாணியை அப்பிக்கொண்டு புருஷனை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தாள். "சக்கர நோய வச்சுக்கிட்டு அல்வாவ ஒளிச்சு ஒளிச்சுத் திங்கிற மனுசன ஒலகத்துல பாத்துருக்கியா?" என்னைக் கண்டதும், பெண்டாட்டியை இழந்தவன் முன்னால் வேண்டாமென்று சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. உன் தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இதய டாக்டரின் வாசல் பெஞ்சில்தான் நீயும் மும்தாஜும் பழகினீர்கள். சிறு வயதுக் காய்ச்சலில் இருவருக்கும் இதய வால்வு கெட்டிருந்தது. இருவர் வயிற்றிலும் மூன்றாவது பிள்ளை. கருவைக் கலைக்காவிட்டால் தாய் பிழைப்பது கடினம் என்று இருவரிடமும் டாக்டர் சொன்னார். சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது.

காதர் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்தைக் கேட்டான். "தாய் உசுருதான் முதல்ல. ஆக வேண்டியதப் பாருப்பா" என்றாராம். மும்தாஜ் அழுதாள், போனாள், பிழைத்து வந்தாள். பின்னால் வால்வு ஆபரேஷனும் செய்துகொண்டாள்.

நீயும் பையில் துணி எடுத்து வைத்தாய். "ரெண்டு புள்ளைக இருக்குங்க. நா இருக்கணும்" என்றாய். நம் கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியாரான உன் அண்ணன் வாசலில் மறித்தார்.

"கலைச்சிட்டு வந்தா கோயில் கல்லறையில ஒனக்கு எடம் கெடையாது பாப்பா. ஒம் புள்ளைகளுக்குப் புதுநன்மை அப்பமும் குடுக்க மாட்டாக."

"இவ போயிட்டா எம் புள்ளைகளுக்கு நீங்களா மச்சான் சோறாக்கிப் போடுவீக?" என்று கத்தினேன்.

"ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார்.

பிள்ளைகளின் பெயரைச் சொன்னதும் பையைக் கீழே வைத்துவிட்டாய். அன்று சாயங்காலம் என்னிடம் மெல்லச் சொன்னாய்: "மும்தாஜக்காவ நெனச்சா பொறாமையா இருக்குங்க. அவுக சாமி அவுகள இருக்கச் சொல்லுது. எஞ்சாமி மட்டும் ஏன் என்னயச் சாகச் சொல்லுது?"

பிரசவத்துக்கு முன்பே மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தாய். பிள்ளையும் தங்கவில்லை.

உன் கேள்விக்குப் பதில் தேடித்தான் படிக்கத் தொடங்கினேன். எட்டாவதோடு நின்ற எனக்கு நூலகமே பள்ளிக்கூடம். நாம் ஜெபத்தில் சொல்லும் அதே ஆபிரகாமின் வழி வந்தவர்கள் யூதர்கள். பிள்ளை பிறக்கும்வரை தாயின் உயிரே முந்தியது என்பது அவர்கள் மதச் சட்டமாம். அவளைக் காப்பது வெறும் அனுமதி அல்ல, கடமையாம். கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் தங்கள் மதச் சுதந்திரத்தில் கை வைக்கிறது என்றே அமெரிக்காவில் அவர்களில் பலர் வாதாடுகிறார்கள். கிறிஸ்தவச் சபைகளிலேயே சில, அதை அந்தப் பெண்ணின் மனசாட்சிக்கு விட்டுவிடுகின்றன. படிக்கப் படிக்க அறிவு வளரவில்லை. பொறாமைதான் வளர்ந்தது. காதர் ஒருவன் மேல் இருந்தது, முகம் தெரியாத எத்தனையோ புருஷன்மார் மேலும் பரவியது.

நம் கோயிலுக்கு அண்மையில் வந்த புதுச் சாமியாரிடம் போய்க் கேட்டேன். "அது அவங்க விளக்கம் பெரியவரே" என்றார்.

"இருக்கட்டும் சாமி. எம் பொண்டாட்டிக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருந்துச்சே, அத யாரு கேட்டீக?"

பூசைக்கு நேரமாகிவிட்டது என்றார்.

நான் விடுவதாக இல்லை. கல்லில் 'தியாகத் தாய்' என்று வெட்டச் சொன்ன உன் அண்ணனே ஆள் வைத்து அதைச் செதுக்கி எடுக்க வேண்டும். கல்லறைத் திருநாளில் உன்னைப் புகழ்ந்து பேசுவதைச் சாமியார் நிறுத்த வேண்டும். பையோடு வாசலில் நிற்கும் எந்தப் பெண்ணையும் இனிக் கல்லறையைக் காட்டி மிரட்டக் கூடாது என்று கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவை பூசையில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். அவளும் அவள் கடவுளும் பேசி முடிவெடுக்கட்டும்.

மும்தாஜும் ஒன்று செய்ய வேண்டும். என்னைக் கண்டு வாயை மூடக் கூடாது. என் காதுபடக் காதரைத் திட்ட வேண்டும். நீ விட்டுப்போன பொறாமையை இத்தனை காலம் அணையாமல் வைத்திருக்கிறேன். அது எரியட்டும்.