பத்து பேர்ச் நிலம்

1998 ஜனவரி 18, ஞாயிறு

காலையில் பனி, அப்புறம் நல்ல வெயில். மிளகாய் காயப்போட்டேன். ஆராதனைக்கு ஆள் குறைவு. எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கு என் வீட்டுக்காரர்தான் உபதேசியார். போதகர் ஐயா இரத்தினபுரியிலிருந்து மாதம் ஒரு தடவைதான் வருவார். கிழமை நாட்களில் இவருக்கு ரப்பர் பால்வெட்டு. இன்றைக்கும் ஜெபம் நீளம். சோறு அடிப்பிடித்துவிட்டது.

சாயந்தரம் கீழ் ஊர்ச் சிங்களவர் பியதாச வந்தார். கீழ்வயலில் மாணிக்கக் குழி திறக்கப் போகிறாராம். தண்ணீர் இறைக்கிற மெஷினுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும், கல் கிடைத்தால் ஒரு பங்கு. ஆனால் குழி திறக்கும் அன்று பூமித் தெய்வத்துக்கு விளக்கு வைப்பார்கள். பங்குக்காரர் ஒவ்வொருவரும் தன் கையால் எண்ணெய் ஊற்ற வேண்டும். ஒருத்தர் ஒதுங்கினாலும் கல் மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளுமாம். இவர் முடியாது என்றார். பியதாச கோபிக்கவில்லை. தேத்தண்ணி குடித்தார், யோசிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

கோபம் எனக்குத்தான்.

ஜன. 20, செவ்.

தூறல். நான் பிள்ளை பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் பால்மா தீர்ந்தது. கொழுந்துக்குப் போன தாய்மார் வரும்வரை பிள்ளைகள் ஒரே அழுகை, எனக்குத் தலைவலி.

பெல்மதுளை ரோட்டில் பத்து பேர்ச் நிலம் விற்பனைக்கு, ஒரு சின்ன வீட்டுக்குப் போதும். வாங்க வேண்டியவை: தேங்காய் எண்ணெய், சவர்க்காரம், நிலம், நிலம், நிலம். நாங்கள் இருக்கிற லயத்துக் காம்பரா தோட்டத்துடையது. வேலை நின்றால் காம்பராவும் போகும். இருக்கிற சட்டி எல்லாம் ஒழுக்குக்கு வைத்தாயிற்று, குழம்பு வைக்கச் சட்டி இல்லை.

அவரிடம் சொன்னேன். கையால்தானே ஊற்றப் போகிறீர்கள், மனசாலா ஊற்றப் போகிறீர்கள் என்று. "ஆத்துமான்னு ஒண்ணு இருக்குல்ல, எஸ்தர்" என்றார். எனக்கு வாய் நிற்கவில்லை.

"இத்தன வருசமா ஜெபம் பண்ணுனீங்களே, கூரையில ஒரு தகரமாவது மாறுச்சா?"

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பொய்யா சொன்னேன்?

ஜன. 22, வியா.

நல்ல நேரம் பார்த்துக் குழி திறந்தார்களாம். இவரும் எண்ணெய் ஊற்றினார். யாரும் என்னிடம் சொல்லவில்லை. பீலித் தண்ணீரில் வெகுநேரம் அவர் கை கழுவியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கருவாடு வாங்கியிருந்தேன், அவருக்குப் பிடித்த கட்டா. பாதியில் வைத்துவிட்டார்.

ஜன. 25, ஞா.

பௌர்ணமிப் போயாவுக்குத்தான் குழிக்கு லீவு, ஞாயிறுக்கு இல்லை. இவர் குழிக்குப் போனார். கோயிலில் தேவசகாயம் அண்ணன் ஜெபம் பண்ணினார். நடுவில் சொல் வராமல் இருமினார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரிப்பது போல் இருந்தேன்.

பிப். 11, புதன், போயா

குழி இல்லை. அவர் வீட்டில். அடுத்த காம்பரா பார்வதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், உடம்பு கொதிக்கிறது. இந்த லயத்தில் யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், சாமி கும்பிடுகிற வீடோ நம்ம வீடோ, மருந்தோடு உபதேசியார் கையும் தலையில் வைக்க வேண்டும். அது பழக்கம்.

இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "போதகர் ஐயா வரட்டும் தாயி" என்றார்.

பார்வதிக்கு விளங்கவில்லை. அவர் வெளியே போனதும் என்னிடம் கேட்டாள். "வெளக்குக்கு எண்ண ஊத்துனதுக்கா இம்புட்டு? நாங்க தெனம் ஊத்துறோமேக்கா."

அவள் நம்பி ஊற்றுகிறாள். இவர் நம்பாமல் ஊற்றினார், கல்லுக்காக. அவளிடம் சொல்லவில்லை. டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். பிள்ளைக்கு இப்போது தேவலை.

மார்ச் 5, வியா.

மண் கழுவினார்கள். கல் கிடைத்தது. நீலம், கொட்டைப்பாக்கு அளவு. பியதாச இவரைக் கட்டிப்பிடித்தாராம். இரத்தினபுரி வியாபாரியிடம் கொடுத்தார்கள். இன்று பங்குப் பணம் கைக்கு வந்தது. என் மடியில் போட்டார். எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

பொய் எழுதக் கூடாது. எனக்குச் சந்தோசம். பிள்ளைக்காம்பராவில் பாட்டு முணுமுணுத்தேன்.

மார்ச் 10, செவ்.

நிலத்தைப் பார்த்தோம். ஒரு பலா, பக்கத்தில் கிணறு. அடுப்படி எங்கே, ஜன்னல் எங்கே என்று நான் ஓயாமல் பேசினேன். எல்லாவற்றுக்கும் "ஒன் இஷ்டம்" என்றார்.

மார்ச் 15, ஞா.

வெயில் கொளுத்துகிறது. போதகர் வந்தார். ஈஸ்டருக்கு முந்தின தபசு நாள் பிரசங்கம்: உலகம் முழுவதையும் சம்பாதித்து ஆத்துமாவை இழந்தால் என்ன லாபம் என்று. எனக்கு மனதுக்குள் வாய்க்கொழுப்பு. உலகம் முழுக்க யார் கேட்டது, நான் கேட்டது பத்து பேர்ச்.

அதற்கு முன்பே இவர் போதகரிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார். கர்த்தர் மன்னிப்பார், திரும்ப வந்து ஆராதனை நடத்துங்க என்று ஐயா சொன்னாராம். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், ஏன் முன்னால் போய் ஜெபம் நடத்தவில்லை என்று.

"மன்னிச்சிருப்பாரு. எனக்குத்தான் வாயைத் தொறந்தா ஒண்ணும் வர மாட்டேங்குது."

திருவிருந்துப் பந்திக்கு முன்னால் போனவள் நான். அப்பம் வாங்கினேன். அவர் கடைசி பெஞ்சில். நான் தள்ளிவிட்டுத்தான் போனார் என்று ஐயாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அத்தனையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். தகரத்தைப் பற்றிக் கேட்ட வாயாலேயே அப்பம் தின்றேன்.

மார்ச் 24, செவ்.

மன்னிப்புக் கேட்டேன். "விடு எஸ்தர், நீயா ஊத்துன?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

முன்பெல்லாம் விடியக்காலையில் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் முணுமுணுவென்று ஜெபம் கேட்கும். தூக்கம் கெடுகிறது என்று சண்டை பிடித்திருக்கிறேன். இப்போது அமைதி. தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 2, வியா.

நிலம் எழுதியாயிற்று, இன்று வீட்டுக்கு அத்திவாரக் கல். மேகம், மழை இல்லை. கொண்டு போனவை: பால், பிஸ்கட், புதுத் துவாய், வேதப்புத்தகம். தேவசகாயம் அண்ணனுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஐயா பாணந்துறைக்குப் போய்விட்டார். பார்வதி வந்தாள், பியதாச வந்தார், வீடு கட்டுகிற மேசன் பாஸ் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஜெபம் பண்ணித்தானே கல் வைப்போம். அவர் வேதப்புத்தகத்தை என் கையில் வைத்தார்.

"நீ சொல்லு."

கண்ணை மூடினேன். பரமபிதாவே என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஜெபம் அவருடையது, என்னுடையது ஆமென் மட்டும். பியதாச தொப்பியைக் கழற்றிக் காத்திருந்தார்.

"வெலாவ யனவா அக்கே," நேரம் போகிறது என்று, மேசன் பாஸ் மெதுவாகச் சொன்னார். பிறகு கல்லை அத்திவாரக் குழியில் இறக்கி வைத்துவிட்டார்.