தாய்மாமனுக்குச் சொல்லவில்லை

மல்வேர்ன்
12 பெப்ரவரி 1994

பாசமுள்ள கஸ்பர் சித்தப்பாவுக்கு (இப்போது சத்தமில்லாச் சித்தப்பா),

நீங்கள் எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தால் வைத்துவிடச் சொல்லி அப்பாவின் கட்டளை. தம்பியில் அவ்வளவு கோபம். ஆகவே முத்திரைச் செலவு என்னுடையது.

உங்கள் மகன் சின்ன அலெக்ஸ் எப்படி? அஜக்ஸ் ஊர் வளர்ப்பு வீட்டில் சோறு கொடுக்கிறார்களா, வெறும் சீஸ்தானா? மூன்று வயதுப் பிள்ளையைத் தனியே நித்திரையாக்கிவிட்டு நீங்கள் இரவு வேலைக்குப் போனதை அவன் மறந்திருப்பான். அவனைத் தூக்கிக்கொண்டு போன சில்ரன்ஸ் எயிட்காரர்தான் மறக்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். செத்துப்போன கரோலின் சித்தி போத்துக்கீசப் பெட்டை என்று கோர்ட்டில் சொன்னீர்களாமே? நீங்கள் எங்கள் பேஸ்மென்டில் இருந்தபோது சித்தி தாயோடு போனில் கதைப்பா. நான் மேல்மாடிப் போனைத் தூக்கிக் கேட்பேன். அதில் நாலு சொல்லைப் பாடமாக்கி, என்னோடு படிக்கும் போத்துக்கீசப் பெடியனின் தாயிடம் விட்டுப் பார்த்தேன். மனுசி எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

சித்தி எந்த ஊர்?

உங்கள் வால்,
மரியோ


அஜின்கோர்ட்
20 பெப்ரவரி

மரியோ,

உன் கடித உறை திறந்து ஒட்டியது போல இருந்தது. அண்ணர் பார்த்தாரா?

கரோலின் இந்த நாட்டு ஆதிக்குடி, வெள்ளைக்காரர் வர முந்தியே இங்கே இருந்த சனம். வடக்கே ஒரு தீவில் பிறந்தவள். அது கோர்ட்டுக்குத் தெரிந்தால், தாயின் ஊர்ச்சபைக்கு வழக்கைப் பற்றி அறிவித்தல் அனுப்பியே ஆக வேண்டுமாம், சட்டம் அப்படி. அவர்கள் வந்து "எங்கடை பிள்ளை" என்று தூக்கிக்கொண்டு போனால் எனக்கு ஆர் இருக்கினம்? ஒருவரிடமும் வாய் திறக்காதே. ஏற்கெனவே திறந்துவிட்டாயா? உண்மையைச் சொல்லு.

கஸ்பர்


மல்வேர்ன்
2 மார்ச்

சித்தப்பா,

உறையை ஒட்டியது என் எச்சில்தான், அப்பா பாவம்.

திறந்துவிட்டேன். அலெக்ஸைப் பார்க்கும் சோசல் வேக்கருக்குப் போன் எடுத்தேன். போன மாதம் பிஷப் குரலில் கதைத்து அலெக்ஸை விடச் சொன்னவன் நான்தான் என்று கண்டுபிடித்து, வைத்துவிட்டா. திரும்ப எடுத்தேன். எங்கள் பழைய போன் பில்லில் இருந்த அந்தத் தீவு இலக்கத்தைக் கொடுத்தேன்.

அம்மாவின் கலியாணப் பதிவு எழுத்துக்கு அவவின் தாய்மாமன் நீக்கிலாப்பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டு, இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சில்லை என்று நீங்கள்தானே சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள்? ஒரு எழுத்துக்கே அப்படியென்றால், ஒரு முழுப் பிள்ளைக்கு? அலெக்ஸுக்கும் ஒரு தாய்மாமன் இருப்பார்தானே.

ஏசியாவது பதில் போடுங்கள்.

மரியோ


மல்வேர்ன்
30 மார்ச்

சித்தப்பா,

ஏச்சுக்கூட வரவில்லை. பகிடி ஒன்றும் கைவசம் இல்லை.

மரியோ


அஜின்கோர்ட்
24 ஏப்ரல்

அன்புள்ள மரியோ,

உன்னில் கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் கேள்.

கோர்ட்டுக்கு வந்தான், கரோலினின் அண்ணன். நான் அவன் பக்கம் திரும்பவேயில்லை. நீதவான் கேட்டபோது எழும்பி, பிள்ளையைத் தகப்பனிடமே விடுங்கள், எங்களுக்கும் கண்ணில் காட்டினால் போதும் என்றான். இதற்குள் என்ன சூழ்ச்சியோ என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டான். "தங்கச்சி செத்ததை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

அவள் இறந்த பிறகு என் போன் கிழமைக்கணக்கில் அடித்தது, மரியோ. யாரென்று தெரியும். நான் எடுக்கவில்லை.

நீதவான் அடுத்த தவணை குறித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அலெக்ஸின் தாய்மாமனுக்குக் கரோலினின் கல்லறையைக் காட்ட வேண்டும். தனியே போக எனக்குத் துணிவில்லை. நீயும் வா. அந்த நாலு சொல்லுக்கும் என்ன கருத்தென்று அவரிடமே கேட்கலாம்.

உன் சித்தப்பா,
கஸ்பர்