பூண்டு என்று மட்டும் சொன்னேன்

2-8-92, ஞாயிறு

வாடிப்போன கத்தரிச் செடிகளை எல்லாம் பிடுங்கி வரப்பில் போட்டாயிற்று. மூன்று வருடமாக இதே கதைதான். பூப்பிடிக்கிற நேரம் பார்த்துச் செடி தலையைத் தொங்கப் போடுகிறது. உப்பு உரமாகக் கொட்டிக் கொட்டி மண் ஓடு மாதிரி இறுகிக் கிடக்கிறது, மண்வெட்டி பட்டால் டங்கென்கிறது.

விவசாய ஆபீசர் சொன்னபடி தோட்டம் முழுக்கத் தக்கைப்பூண்டு விதைத்தேன். பூ எடுக்கிறவரை வளரவிட்டு, அப்படியே மண்ணுக்குள் மடக்கி உழ வேண்டும். அது மக்கி, மண்ணுக்குச் சத்தாகும். பிறகுதான் கத்தரி. சொல்லும்போது நன்றாகத்தான் இருக்கிறது.

11-8-92

டீக்கடையில் சுப்புராஜ் கேட்டான்: "என்ன அண்ணாச்சி, களையெடுக்க ஆள் கிடைக்கலைன்னு களையவே வெதச்சிட்டீகளாமே?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பாதி டீயோடு எழுந்துவந்தேன்.

30-8-92, ஞாயிறு

பரிபூரணத்தைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் காசிராஜன் அண்ணாச்சி குடும்பம். அவருடைய மூத்த பையன்தான் மாப்பிள்ளை. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. என் மகள் நல்ல இடத்துக்குப் போகப் போகிறாள். அதை எழுதிச் சந்தோஷப்பட வேண்டிய பேனா இது. வேறொன்றை எழுத வேண்டியிருக்கிறது.

காபி குடிக்கும்போது அவர் கேட்டார், தோட்டத்தில் இப்போது என்ன வெள்ளாமை என்று. பூண்டு போட்டிருக்கிறேன் என்றேன். நாங்கள் பேசும்போது அப்படித்தான் சொல்வோம், யார் தக்கைப்பூண்டு என்று நீட்டி முழக்குகிறார்கள்?

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "வெள்ளப்பூண்டா? இந்தப் பூமியில வருதா, அண்ணாச்சி?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். இல்லை அண்ணாச்சி, தக்கைப்பூண்டு, கத்தரி பட்டுப்போச்சு, தோட்டத்தில் இப்போது ஒன்றுமில்லை என்று. டீக்கடைச் சிரிப்பு காதில் கேட்டது. என் தலை தானாக ஆடிவிட்டது. ஆமாம் என்று.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மலையிலிருந்து வாங்கித்தான் விற்கிறாராம். வந்தவர்களிடமெல்லாம் சொன்னார், "அப்ப நம்ம கலியாண ரசத்துக்குச் சம்பந்தி வீட்டுப் பூண்டுதான்" என்று. இன்னும் நிச்சயம்கூட ஆகவில்லை, சம்பந்தி என்றுவிட்டார். அதற்குமேல் நான் எப்படி வாயைத் திறப்பது?

31-8-92

என் வீட்டுக்காரி இசக்கி குழம்புச் சட்டியை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள். பரிபூரணம்தான் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே, "அப்பா பொய் சொல்லலையே, தலையத்தான ஆட்டுனீக" என்றாள். கேலிதான் செய்தாள். அது கேலியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

10-9-92

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம், இங்கே நம் வீட்டில் வைத்து. ரோட்டிலிருந்து பார்த்தாலே தோட்டம் தெரியும். தக்கைப்பூண்டு இடுப்புக்குமேல் நிற்கிறது. வெள்ளைப்பூண்டு எந்த ஊரில் இடுப்பளவு வளருது? மளிகைக் கடைக்காரர் கண்ணுக்கு அதுகூடவா தெரியாது.

இன்னும் மொட்டுகூட வைக்கவில்லை. இப்போது மடக்கினால் தழையும் குறைவு, சத்தும் குறைவு.

11-9-92

மடக்கிவிட்டேன். ரோட்டோரத்துப் பாதியை மட்டும். பின்பாதி பள்ளத்தில் கிடக்கிறது, ரோட்டுக்குத் தெரியாது. மாடு இளந்தழையை மிதித்துப் போனது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு, ஆபீசர் சொன்ன மாதிரியே. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. நான்தான்.

இசக்கி வரப்பில் நின்று கேட்டாள், "மண்ணுக்காக உழுதீகளா, மானத்துக்காக உழுதீகளா?"

போடி வீட்டுக்கு என்று கத்தினேன். மாடு மிரண்டு நின்றது.

13-9-92

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. பூண்டைப் பறித்தாயிற்று, காய்கிறது என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். இந்தத் தடவை தலை ஆடவில்லை, வாயே சொன்னது. அவருடைய மைத்துனர் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று எழுந்தார். நல்லவேளை, காசிராஜன் அண்ணாச்சிதான், வெயிலாக இருக்கிறது, இன்னொரு நாள் பார்ப்போம் என்று அவரை உட்காரவைத்தார். தப்பித்தேன்.

24-9-92

பின்பாதி பூத்துவிட்டது. மஞ்சள் மஞ்சளாக. இன்று அதையும் மடக்கினேன். கனத்த தழை, மண்ணே தெரியவில்லை. இப்படித்தான் முழுத் தோட்டமும் இருந்திருக்க வேண்டும்.

29-10-92

ராஜபாளையத்தில், என்னைத் தெரியாத கடையாகப் பார்த்து மலைப்பூண்டு ஒரு சாக்கு வாங்கிவந்தேன். பழைய கத்தரிக்காய்ச் சாக்கில் மாற்றினேன். பார்த்தால் ரொம்பச் சுத்தமாக இருந்தது. தோட்டத்து மண்ணை ரெண்டு கை அள்ளிப் போட்டுக் குலுக்கினேன். பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக் கொடுக்கப் போகிறவன் செய்கிற வேலையா இது? தூ.

1-11-92

கலியாணம் முடிந்தது. பரிபூரணம் போய்விட்டாள். வீடு என்னமோ போல இருக்கிறது.

சமையல் கொட்டகையில் காசிராஜன் சம்பந்தி அவரே சாக்கைப் பிரித்தார். ஒரு பூண்டை எடுத்து, கட்டைவிரலால் மண்ணைத் துடைத்து, மோந்து பார்த்தார். நல்ல பூண்டு என்றார். ரசத்துக்குத் தாராளமாகத் தட்டிப் போடச் சொன்னார். எல்லாரும் ரசத்தைப் புகழ்ந்தார்கள். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

20-12-92

கத்தரி காய்க்கிறது. பின்பாதியில் செடி செடியாகக் காய், ஒரு வாடல் இல்லை. மண் பொலபொலவென்று, பிடுங்கினால் மண்புழு. ரோட்டோரத்துப் பாதி சோனியாக நிற்கிறது. எதுவரைக்கும் அவசரப்பட்டு உழுதேன் என்று கோடு கிழித்த மாதிரி தெரிகிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். விதை சரியில்லை என்கிறேன். இன்னொரு பொய்.

12-1-93

மகளுக்குத் தலைப்பொங்கல் படி கொண்டுபோனேன். கரும்பு, மஞ்சள்குலை, பாத்திரம் எல்லாவற்றோடும் ஒரு கூடை கத்தரிக்காய், பின்பாதியில் பறித்தது. சம்பந்தி கடையில் நல்ல கூட்டம். ஒரு காயைக் கையில் தூக்கி, எங்க சம்பந்தி தோட்டத்துக் காய் என்று எல்லாருக்கும் காட்டினார். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. இது நிஜமாகவே என் காய்.

கூட்டம் குறைந்த பொறவு, காகிதத்தில் பொட்டலம் மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அடுத்த பூண்டு எப்ப மடக்கி உழுவீக, சம்பந்தி?"

மடக்கி உழுவீக. வெள்ளைப்பூண்டை எவன் மடக்கி உழுவான்?

உட்கார்ந்த ஸ்டூல் கீழே போகிற மாதிரி இருந்தது. என்றைக்குத் தெரியும் என்றேன். நிச்சயத்துக்கு முன்னால், பெண் வீட்டைப் பற்றி விசாரிக்க எல்லாரையும் போல எங்கள் ஊருக்கு, தேவதானத்துக்கு, வந்தாராம். டீக்கடையில் சொன்னார்களாம். ரோட்டில் நின்று பார்த்தாராம், பச்சைப் பசேலென்று நின்றதாம். "நல்லா வந்திருந்துச்சு. எதுக்கு முந்தி உழுதீகன்னுதான் பொறவு எனக்கு வருத்தம்."

அப்படியென்றால் அந்த வெயில். அந்த ரசம். அத்தனை பேர் முன்னால் நல்ல பூண்டு என்று சொன்ன வாய். நான் மண்ணைத் தூவியதை அவர் கட்டைவிரலால் துடைத்தாரே, தெரிந்தேதானே துடைத்தார்.

பரிபூரணம் உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். ரசம் ஊற்றினாள். சாப்பிட்டேன்.

25-7-93

கத்தரியை அழித்துவிட்டு மறுபடி விதைத்தேன். ரோட்டோரத்திலிருந்து ஆரம்பித்தேன். சைக்கிளில் போனவர் ஒருவர், வெளியூர், நின்று என்ன வெதப்பு என்று கேட்டார்.

தக்கைப்பூண்டு என்றேன். முழுசாக.