அம்மா சொன்ன வெயில்

ஆகஸ்ட் 18
இன்றும் நாற்பத்து மூன்று டிகிரி. அப்பா தர்பூசணி வயலில் விழுந்து இறந்து ஒரு மாதம். பழைய இதய நோய் என்று முதலாளி தரப்பு எழுதிக் கொடுத்துவிட்டது. தண்ணீர் தராமல் வேலை வாங்கியதைக் கூடவே பறித்த அம்மா கண்ணால் பார்த்தாள். மனைவி சொல் மட்டும் போதாது என்கிறார் வக்கீல். பக்கத்து வரிசையில் பறித்த எவுலோஹியோ வாயே திறக்க மாட்டேன் என்கிறார்.

ஆகஸ்ட் 20
அம்மாவின் வாக்குமூலத்தை நானே எழுதினேன். பள்ளியில் மொழிப்பாடம் எடுப்பவள் நான், எனக்கா தெரியாது? எங்கள் பக்கத்து ஸ்பானிஷ் பேச்சில் வெயில் பெண்பால் – 'லா கலோர்'. புத்தகத்தில் ஆண்பால் – 'எல் கலோர்'. அம்மா சொன்ன 'லா' அத்தனையையும் திருத்தினேன். மற்ற கொச்சையையும் களைந்தேன். செவில்யா நீதிமன்றத்துக்குப் போகிற தாள் அல்லவா?

ஆகஸ்ட் 21
வாசித்துக் காட்டினேன். தக்காளி அரைத்துக்கொண்டிருந்த அம்மா நிறுத்திவிட்டாள்.
"இது யார் சொன்னது?"
"நீதாம்மா."
"நான் இப்படிப் பேசுறவ இல்ல. கையெழுத்து போட மாட்டேன்."
உன் பேச்சைக் கேட்டால் அங்கே சிரிப்பார்கள் என்று கத்திவிட்டேன். ஏன் கத்தினேன்? என்ன ஜென்மம் நான்!

ஆகஸ்ட் 22
அம்மா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களையில் போய்ச் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 25
அந்தத் தாளையே எவுலோஹியோவிடம் கொண்டுபோனேன். முதல் பத்தியிலேயே திருப்பித் தந்தார். அப்பா விழுந்த அன்று மேஸ்திரி நீட்டிய தாளும் இதே மாதிரிதான் இருந்ததாம், புரியாமலே கையெழுத்து போட்டாராம். "உங்கம்மா பேசுற மாதிரியா இருக்கு இது?" என்றார்.
இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். தாக்கல் செய்ய இன்னும் ஆறே நாள்.

ஆகஸ்ட் 27
மன்னிப்புக் கேட்டேன். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எழுதுடி. வெயிலு இருக்காளே, அவ பத்து மணிக்கே வந்துட்டா. உங்கப்பா தண்ணி கேட்டாரு. வரிசைய முடிச்சிட்டுக் குடின்னான் மேஸ்திரி. அவரு முடிக்கல. அவ கொண்டு போயிட்டா."
ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. அம்மா கையெழுத்து போட்டாள். எவுலோஹியோ வீட்டுக் கதவிடுக்கில் ஒரு பிரதியைச் செருகிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 28, 29
எவுலோஹியோ வரவில்லை.

ஆகஸ்ட் 30
காலையில் எவுலோஹியோ வந்தார், கையில் அந்தப் பிரதி. வரிவரியாக விரல் வைத்து மறுபடி படித்தார். தண்ணீர் கேட்ட இடத்தில் விரல் நின்றது. தொப்பியைக் கழற்றினார்.
"என் கூஜாவுல தண்ணி இருந்துச்சு. மேஸ்திரி பாத்துட்டு நின்னான். நான் குடுக்கல. அதையும் எழுதிக்கம்மா."
அவர் சொன்னபடியே எழுதினேன். கையெழுத்து போட்டபின்னும் அவர் எழுந்து போகவில்லை. அம்மா உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.