அரக்கு நிறத்துக்காக நீ இறங்கி வந்த நாள்

இன்று காலை இணையதளத்தில் அரக்கு நிறத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கச் சொன்னார் முதலாளி சார். ஒரே இடத்தில்தான் மாற்றினேன். கடையின் பக்கத்திலும் மாறியது, தறிக்காரர் போனுக்குப் போகும் ஆர்டர் சீட்டிலும் மாறியது. நீ போன பிறகு அந்த நிறத்தை நான் தொட்டது இதுதான் முதல்முறை.

பட்டுக் கடைக்கு மேலே அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலை மறைத்துச் சேலைப் பெட்டிகளை இன்னும் உயரமாக அடுக்கிவிட்டார்கள். “அந்தப் பக்கம் ஆரணி இருக்குதுன்னு நம்பிகினு ஒக்காந்திருக்கோம்டி” என்பாய். நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நம் அசல் சான்றிதழ்களைச் சார் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி திரும்பிய சத்தத்தில் நீ என்னைப் பார்த்தாய். அப்போது நமக்குச் சிரிப்புதான் வந்தது.

பிறகு உனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். எத்தனையோ தடவை கேட்டபின், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்று சார் இறங்கி வந்தார். அந்த வாரம் முழுக்க நீ படிக்கட்டில் பாடிக்கொண்டே ஏறினாய்.

வியாழக்கிழமை கீழே கூச்சல் கேட்டது. இணையதளத்தில் பார்த்து ஆர்டர் செய்த முகூர்த்தச் சேலை தறியிலிருந்து வந்திருந்தது. கல்யாணப் பெண்ணின் அம்மா கேட்டது கருஞ்சிவப்பான அரக்கு. வந்திருந்தது வெளிறிய அரக்கு. சார் தறிக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“கலர் கூடவாப்பா தெரியாது உனக்கு? இனிமே உனக்கு இங்க பாவு நூலும் கிடையாது, வேலையும் கிடையாது, போ!”

“நீங்க போன்ல அனுப்ன கலரப் பாத்துதான் மொதலாளி சாயம் போட்டேன்” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் அந்தப் போனை வாங்கிப் பார்க்கவில்லை.

நீ மேலே இணையதளப் பக்கத்தையும் ஆர்டர் சீட்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். இணையதளத்தில் எந்த நிறம் எப்படித் தெரிய வேண்டும் என்பது ஸ்டைல்ஷீட் என்ற கோப்பில் இருக்கிறது. அதைப் படிப்பது வாங்குபவர் கையிலுள்ள போன்தான். நம் சர்வர் அந்தக் கோப்பை அப்படியே எடுத்துக் கொடுக்குமே தவிர, உள்ளே என்ன நிறம் என்று பார்க்காது. ஆர்டர் சீட்டைத் தயாரிப்பதோ சர்வர். அதற்கென்று நிறங்களைத் தனியாக, நமக்கு முன்னால் இருந்தவர் என்றைக்கோ எழுதி வைத்திருந்தார். சென்னையிலிருந்து பக்கங்களை வடிவமைத்துத் தருபவர் ஸ்டைல்ஷீட்டில் அரக்கை மட்டும் அடர்த்தியாக்கிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. பெண்ணின் அம்மா பார்த்தது புது அரக்கு. தறிக்காரருக்குப் போனது பழைய அரக்கு.

நீ எழுந்தாய். நான் உன் கையைப் பிடித்தேன்.

“நாளைக்கு சர்ட்டிபிகேட் தர்றேன்னு இருக்காருடி. இன்னிக்கு ஒரு நாள் சும்மா இரு. இப்ப போவாத.”

“நாளைக்கு அவருக்குத் தறி இருக்காதே” என்றாய்.

மாடிக்காரர்கள் வாடிக்கையாளர் முன்னால் வரக்கூடாது என்பது கடையின் சட்டம். நீ இறங்கினாய், நான் பின்னால் வந்தேன். “சார், தப்பு அவரோடது இல்லைங்க. எங்க சைட்டோடது” என்று சொல்லி, தறிக்காரரின் போனையும் அந்த அம்மாவின் போனையும் கண்ணாடி மேசைமேல் சேர்த்து வைத்தாய். அம்மா குனிந்து பார்த்தார். “ஆமாங்க, ரெண்டும் வேற வேறயா கீது. அவரு இன்னா பண்ணுவாரு பாவம்? சரியான கலர்ல அவரே நெய்ஞ்சி குடுக்கட்டும், கல்யாணத்துக்கு இன்னும் நாள் கீது” என்றார். வாடிக்கையாளர் முன்னால் சாருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தறிக்காரர் உன்னைப் பார்த்துக் கும்பிட்டார். நீ கூச்சத்தில் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாய்.

மறுநாள் சார் பீரோவைத் திறக்கவில்லை. “தப்பு உங்க சைட்டோடதுன்னு நீதானம்மா சொன்ன? சரி பண்ணிட்டுப் போ.”

நீ சரி செய்தாய். முதலில் ஸ்டைல்ஷீட்டை வெறும் எழுத்தாகத் திறந்து நிறத்தைத் தேடி எடுக்கும்படி சர்வரில் எழுதினாய். சென்னைக்காரர் ஒரு வரியை வேறு மாதிரி எழுதியதும் சீட்டில் எல்லாச் சேலையும் கறுப்பாக வந்தது. “பேஜாரா போச்சுடி” என்று அழித்தாய். பிறகு எல்லா நிறங்களையும் ஒரே கோப்பில் வைத்தாய். ஸ்டைல்ஷீட்டும் அதிலிருந்தே உருவாகும், சர்வரும் அதையே படிக்கும். அது ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்று நீ மறுபடியும் கேட்டாய். “மூணு வருஷம் முடியட்டும்மா” என்றார் சார். பெங்களூர்க்காரர்கள் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன்பின் நீ படிக்கட்டில் பாடவில்லை.

மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

போன மாதம் தேசூரிலிருந்து உன் அப்பா வந்திருந்தார். சார் பீரோவைத் திறந்து உன் சான்றிதழ்களைக் கவரில் போட்டுக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாக இருந்தது. அப்பா மாடிக்கு வந்து உன் நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார்.

“எம்பொண்ணு இங்க இன்னா வேலைம்மா பண்ணிகினு இருந்தா? கேட்டா, உனுக்குப் புரியாதுப்பான்னு சிரிப்பா.”

சர்வர், ஸ்டைல்ஷீட் என்று தொடங்கினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டு, நீ கீழே இறங்கிப் போன அந்த வியாழக்கிழமையைச் சொன்னேன்.

“கத்தினாளா?”

“இல்லீங்கப்பா. மெதுவாத்தான் பேசினா.”

“வூட்லயும் அப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டுக் கவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினார்.

எனக்கு மூன்று வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. புது சைட் முடியட்டும் என்கிறார் சார். அது முடிந்தால் வேறொன்று வரும். நேற்று கீழே போய், கடையில் ஆட்கள் இருக்கும்போதே, என் சான்றிதழ்களைக் கேட்டேன். என் வாயிலிருந்து வந்தது உன் குரல் போலவே இருந்தது. “அப்புறம் பாக்கலாம்மா” என்றார். நாளைக்கும் இறங்கிப் போய்க் கேட்பேன். மெதுவாகத்தான்.