தும்பைச் செடிகளும் யூனிஸும்

7 ஜனவரி 1990, ஞாயிறு
பரங்கிக் கொடியில் நான்கு காய் பிடித்திருக்கிறது. போன வருடம் ஒன்றுகூட இல்லை, பூவெல்லாம் உதிர்ந்தது. தேனீ வராததுதான் காரணம் என்று குரோட்டன்ஸைப் பிடுங்கிவிட்டுத் தும்பை, ஆவாரை, துளசி வைத்தேன். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் களை மண்டிக் கிடக்கிறதே என்றார்கள். யூனிஸ்தான் என் பக்கம் பேசினாள். நல்ல மனைவி.

16 ஜனவரி
தோட்டத்தில் துணி உலர்த்தப் போன யூனிஸைத் தேனீ கொட்டிவிட்டது. கழுத்தில். பத்து நிமிடத்தில் முகம் வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஊசி போட்ட டாக்டர், இன்னொரு தடவை கொட்டினால் உயிருக்கே ஆபத்து என்றார். நான் என்ன செய்து வைத்திருக்கிறேன்?

17 ஜனவரி
வீக்கம் வடியவில்லை.

18 ஜனவரி
மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கினேன். துளசி முழுவதும், தும்பையில் பாதியும் போயிற்று. ஜன்னலிலிருந்து பார்த்த யூனிஸ் அழுதாள்.
"யாரைக் கேட்டு வெட்டறீங்க?"
உனக்காகத்தான் என்றேன்.
"எனக்காகன்னா என்னைக் கேக்கணும்."
அப்படியானால் வெட்ட வேண்டாமா என்றேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். பின்கதவைத் திறக்கவே பயப்படுகிறாள், வெட்டினால் அழுகிறாள். என்னதான் வேணும் இவளுக்கு? எனக்கு என்ன வேணும்? ஒண்ணும் புரியல.

23 ஜனவரி
பாதி வெட்டின தோட்டம். தேனீ முன்னைவிட அதிகம் வருகிறது — பயத்தில் அப்படித் தெரிகிறதா?

28 ஜனவரி, ஞாயிறு
தெருமுனைக் காலிமனை குப்புராஜுடையது. முன்பு பொழிச்சலூரில் நெல் பயிரிட்டவர், இப்போது மனை விற்கிறார். செடிகளை அங்கே மாற்றலாமா என்று கேட்டேன். சிரித்தார்.
"காலம்பூரா தும்பையப் புடுங்கிப் போட்டுகினு இருந்தேன் சார். நீ இன்னாடான்னா நட வந்துகீற. மனை விக்கிற வரைக்கும் வச்சிக்கோ."
அது எத்தனை நாளோ. யூனிஸிடம் சொன்னேன். தலையாட்டினாள். சம்மதமா, சலிப்பா?

4 பிப்ரவரி
மிச்சமிருந்ததை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுபோய் நட்டேன். வேரில் சுற்ற யூனிஸ் பழைய சாக்கை நனைத்துக் கொடுத்தாள்.

19 பிப்ரவரி
ஆவாரை பட்டுப்போயிற்று. வளர்ந்த செடியைப் பெயர்த்தது என் தப்பு.

11 மார்ச், ஞாயிறு
காலையில் மனைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். யூனிஸ் எனக்கு எதிரே, தெருவில் பாதித் தூரம் வந்து நின்றிருந்தாள். அதற்கு மேல் வரவில்லை.
"ஏதாச்சும் வந்துதா?"
தும்பையில் ஏழெட்டுத் தேனீ, ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி என்றேன்.
"ஏழா, எட்டா?"
எண்ணவில்லை என்றேன்.
"நாளைக்கு எண்ணிட்டு வாங்க."