வலிக்காத விரல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கையெழுத்தைப் பார்த்துத் திட்ட வேண்டாம், இடக்கையால் எழுதுகிறேன்.

கண்டங்கள் எப்படி உருவாயின என்று அறிய, முன்னூறு கோடி வயதான பாறைத்தூளை அமிலத்தில் கரைப்பது என் வேலை. இன்று காலை கையுறையில் ஓர் ஓட்டை. ஒரு சொட்டு வலது சுட்டுவிரலில் பட்டது. நான் கையைக் கழுவாமல், தூசி விழக்கூடாதென்று முதலில் குப்பியை மூடினேன்.

“கல்லு எங்கயும் ஓடிப்போகாது, கையக் காட்டுங்க” என்று இழுத்துப் போனார் ஆய்வகத்து அக்கா. களிம்பைத் தடவியபடியே கேட்டார்.

“வலிக்குதா?”

“இல்லக்கா.”

“அதான் பயமா இருக்கு.”

இந்த அமிலம் நாசூக்கானது. தோலைத் தொந்தரவு செய்யாமல் உள்ளே போய் எலும்பைத் தேடும். வலி நாளைக்குக்கூட வரலாம், வந்தால் விரல் போகலாம். அதுவரை மருத்துவமனைக் கட்டிலில் காத்திருக்கிறேன்.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு அனுப்புங்கள். இங்கே போட்டுவிட ஆளில்லை. அம்மா கேட்டால், இப்போது அதுதான் நாகரிகம் என்று சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு எழுதியதில் விரல் லேசாகத் துடிக்கிறது. எழுதியது இடக்கை, துடிப்பது வலக்கை. நர்ஸைக் கூப்பிட வேண்டும், நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்